போராட்ட நாட்களில் பெற்றோரும் பிள்ளைகளும்

2022 ஏப்ரல் 9ஆம் திகதி காலிமுகத்திடலில் போராட்டம் தொடங்கியபோது, கொழும்பின் பல தமிழ் வீடுகளுக்குள்ளும் ஒரு பிணக்குத் தொடங்கியது. பல்கலைக்கழகத்தில் பயிலும் மகள் திடலுக்குப் புறப்படுகிறாள். தகப்பனார் வாசலை மறித்து நிற்கிறார். எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்று களைத்தவர்தான் அவரும். ஆட்சியாளர் மீது அவருக்கும் கோபம் உண்டு. ஆயினும் "போகக் கூடாது" என்பதற்கு மேல் அவரால் எதுவும் சொல்ல முடிவதில்லை. மகளுக்கோ அது கோழைத்தனமாகவும் தன் மீதான அவநம்பிக்கையாகவும் படுகிறது.

1983 ஆடிக் கலவரத்தின்போது பத்து வயதுச் சிறுவனாக இருந்தவருக்கு 2022இல் 49 வயது. கூட்டத்தின் இரைச்சல், எரியும் டயரின் மணம், ஊரடங்கு அறிவிப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும். சிந்தனைக்கு முன்னரே உடல் அஞ்சிவிடுகிறது. அதிரினலின், கோட்டிசோல் முதலிய ஓமோன்கள் சுரக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, குருதி அமுக்கமும் குருதியிலுள்ள சீனியின் அளவும் உயர்கின்றன. அந்த அச்சமே அதட்டலாக வெளிப்படுகிறது. தாம் அன்று கண்டவற்றைப் பல பெற்றோர் பிள்ளைகளிடம் கூறியதே இல்லை. எனவே பிள்ளைக்குக் கட்டளை மட்டுமே கேட்கிறது, காரணம் கேட்பதில்லை.

இவ்வச்சத்தைப் பழைய காயம் என்று ஒதுக்கிவிடவும் நாம் விரும்பவில்லை. மே 9ஆம் திகதி போராட்டக்காரர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூலை 22 அதிகாலையில் படையினர் புகுந்து கூடாரங்களை அகற்றினார்கள். ஆபத்து மெய்யாகவே இருந்தது.

வைத்தியரிடம் வருபவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பிணக்கைச் சொல்வதில்லை. கட்டுப்பாட்டில் இருந்த சீனி ஏன் ஏறியது என்று தந்தை கேட்பார். தலைவலி, வயிற்றுவலி, தூக்கமின்மை என்று பிள்ளை சொல்லும். மாத்திரையின் அளவை மாற்றுவதற்கு முன்னர் வீட்டில் என்ன நடக்கிறது என்று நாம் கேட்பது இதனாலேயே, தயங்காமல் கூறுங்கள்.

வாக்குவாதம் நடக்கும் வேளையில் பழைய கதையைத் தொடங்க வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின், தொலைக்காட்சிச் செய்தியை நிறுத்திவிட்டு, "எனக்குப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் நான் இதைப் பார்த்திருக்கிறேன்" என்று தொடங்கலாம். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையாயின் முடிவு பெற்றோருடையதே. அப்போதும் காரணத்தைச் சொல்வது அவசியம். வளர்ந்த பிள்ளையின் கைத்தொலைபேசியைப் பறித்து வைப்பதை நாம் ஆதரிப்பதில்லை. அவசரத்தில் வீட்டை அழைக்க அதுவே வழி. பிள்ளைகளும் பொய் சொல்லிப் புறப்பட வேண்டாம். யாருடன் செல்கிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லி, குறித்த நேரத்தில் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். அந்தச் செய்தி வரும்வரை வீட்டில் ஒருவரும் உறங்குவதில்லை.

உறக்கமோ உணவோ இரண்டு வாரங்களுக்கு மேல் குலைந்திருந்தால் உளநலப் பிரிவுக்கு வாருங்கள். சாக வேண்டும் என்று எவரேனும் சொன்னால் அன்றைக்கே அழைத்து வாருங்கள். தேசிய உளநல உதவி இலக்கம் 1926. பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்துதான் வர வேண்டும் என்பதில்லை, முதலில் ஒருவர் வந்தாலும் போதும்.