பறக்கிறவனை யார் வீடியோ எடுப்பது? சூப்பர் ஹீரோ கதைக்கு 'க்ரானிக்கிள்' சொன்ன பதில்

ஒரு பையன் மேகத்துக்கு மேலே பறக்கிறான். சரி, அவனை ஷூட் பண்ணுவது யார்?

வழக்கமான சூப்பர் ஹீரோ படம் பார்க்கும்போது இந்தக் கேள்வி நமக்கு வராது. 'அவெஞ்சர்ஸ்' படத்தில் ஆறு பேரும் வட்டமாக நிற்க, கேமரா அவர்களைச் சுற்றி வருகிறது. அந்த கேமரா எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. சினிமான்னா அப்படித்தான். ஆனால் 'ஃபவுண்ட் ஃபுட்டேஜ்' என்ற பாணியில் எடுக்கும் படத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. திரையில் தெரியும் ஒவ்வொரு காட்சியையும் கதைக்குள் இருக்கும் யாரோ ஒருவர் எடுத்திருக்க வேண்டும். கையில் வைத்திருந்த வீடியோ கேமரா, செல்போன், சிசிடிவி எதுவாகவும் இருக்கலாம். ஆனால் கேமரா அந்த இடத்தில் இருந்தே ஆகணும்.

இந்த உத்தி சினிமாவுக்கு முந்தையது. 1897-ல் வந்த 'டிராகுலா' நாவலே கடிதங்கள், டைரிக் குறிப்புகள், பத்திரிகைச் செய்திகளின் தொகுப்பாகத்தான் எழுதப்பட்டது. 'இது கதை இல்லை, கிடைத்த ஆவணம்' என்று நம்ப வைக்கும் அதே தந்திரம். சினிமாவில் 1980-ல் வந்த இத்தாலியப் படம் 'கேனிபல் ஹோலோகாஸ்ட்' இதை எவ்வளவு தூரம் கொண்டுபோனது என்றால், நடிகர்கள் உண்மையில் சாகவில்லை என்று இயக்குநர் நிரூபிக்க வேண்டிய நிலை வந்தது. 1999-ல் 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' சொற்பக் காசில் எடுக்கப்பட்டு, உலகம் முழுக்கக் கிட்டத்தட்ட 25 கோடி டாலர் அள்ளியது. அதன் பிறகு 'பாராநார்மல் ஆக்டிவிட்டி', 'ரெக்', 'க்ளோவர்ஃபீல்ட்' என்று வரிசை நீண்டது.

கவனித்தீர்களா, எல்லாமே பயமுறுத்தும் படங்கள். காரணம் எளிது. கேமரா ஆடுகிறது, இருட்டாக இருக்கிறது, பேய் சரியாகத் தெரியவில்லை. தெரியாததுதான் பயம். சூப்பர் ஹீரோ படம் இதற்கு நேர் எதிர். அங்கே எல்லாமே தெரிய வேண்டும். உடை, முகம், அடி, பறக்கும் அழகு. தெரியலைன்னா டிக்கெட் வாங்கியவர் திட்டுவார்.

இன்னொரு பெரிய சிக்கலும் இருக்கிறது. சூப்பர் ஹீரோ என்றாலே ரகசியம். கிளார்க் கென்ட் கண்ணாடி போடுகிறார், பீட்டர் பார்க்கர் முகமூடி போடுகிறார். அடையாளம் வெளியே தெரியக்கூடாது என்று தவிக்கும் ஓர் ஆள் தன்னைத்தானே ஏன் வீடியோ எடுத்து வைக்கப்போகிறார்?

2012 பிப்ரவரியில் வெளியான 'க்ரானிக்கிள்' இந்த முடிச்சை அவிழ்த்த விதம்தான் சுவாரஸ்யம். இயக்குநர் ஜோஷ் ட்ராங்குக்கு அப்போது 27 வயது. திரைக்கதை மேக்ஸ் லேண்டிஸ். செலவு சுமார் 1.2 முதல் 1.5 கோடி டாலர். வசூல் 12 கோடிக்கு மேல். அதே ஆண்டு மே மாதம் வந்த 'அவெஞ்சர்ஸ்' படத்தின் பட்ஜெட் 22 கோடி டாலர் என்பதை வைத்துப் பார்த்தால் இது கேன்டீன் செலவு.

(இனி ஸ்பாய்லர் உண்டு. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம், 84 நிமிடம்தான்.)

கதை சியாட்டல் நகரில் நடக்கிறது. பள்ளி மாணவன் ஆண்ட்ரூவின் அறைக் கதவை வெளியிலிருந்து அப்பா தட்டுகிறார். குடித்திருக்கிறார். உள்ளே ஆண்ட்ரூ கண்ணாடி முன்னால் ஒரு பழைய கேமராவை வைத்து, இனிமேல் எல்லாவற்றையும் பதிவு செய்யப்போவதாகச் சொல்கிறான். இதுதான் முதல் காட்சி. அம்மா புற்றுநோயில் படுத்த படுக்கை. பள்ளியில் அடி, வீட்டில் அடி. கேமராவை அவன் ஆசைக்காக எடுக்கவில்லை. அடிக்கிறவரை எதிர்க்க முடியாதவன், குறைந்தபட்சம் பதிவு செய்கிறான். 'யாராச்சும் பார்க்கட்டும்' என்பதுதான் அதில் இருக்கும் வேண்டுதல்.

ஒரு பார்ட்டி இரவில் ஆண்ட்ரூ, அவன் உறவுக்காரப் பையன் மேட், பள்ளியின் செல்லப்பிள்ளை ஸ்டீவ் மூவரும் காட்டுப்பக்கம் ஒரு குழிக்குள் இறங்குகிறார்கள். உள்ளே ஏதோ ஒளிர்கிறது. அது என்ன என்று படம் கடைசிவரை சொல்வதில்லை (நல்லவேளை). அதன் பிறகு மூவருக்கும் பொருட்களைத் தொடாமலே நகர்த்தும் சக்தி வருகிறது.

சக்தி வந்ததும் பசங்க என்ன செய்கிறார்கள்? உலகத்தைக் காப்பாற்றப் போகவில்லை. கடையில் பொம்மையை மிதக்க விட்டு ஆட்களைப் பயமுறுத்துகிறார்கள். பார்க்கிங்கில் நிற்கும் காரை வேறு இடத்துக்கு நகர்த்துகிறார்கள். மேகத்துக்கு நடுவே பந்து விளையாடி, விமானத்தில் அடிபடாமல் தப்பிக்கிறார்கள். 17 வயதில் நமக்குக் கிடைத்திருந்தால் நாமும் இதைத்தான் செய்திருப்போம். பின்னணி இசை என்று தனியாக எதுவும் இல்லாததால், நண்பர்கள் குரூப்பில் வந்த வீடியோவைப் பார்ப்பது போலவே இருக்கிறது.

படத்தின் ஆகச்சிறந்த யோசனை இங்கேதான் வருகிறது. ஆண்ட்ரூ தன் சக்தியால் கேமராவையே மிதக்க விடுகிறான்! அதுவரை ஆடிக்கொண்டிருந்த காட்சி மெதுவாக நிதானமாகிறது. கேமரா அவன் தலைக்கு மேலே போகிறது, சுற்றி வருகிறது. அவன் சக்தி வளர வளர, கோணங்களும் பெரிய பட்ஜெட் படம் போல ஆகின்றன. முதல் பாதியில் கேமராவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவன் இப்போது சட்டகத்தின் நடுவே நிற்கிறான். 'யார் எடுக்கிறார்கள்' என்ற பிரச்சினைக்குத் தீர்வும் கிடைத்தது, ஒரு பையன் எப்படி மாறுகிறான் என்பதும் வசனமே இல்லாமல் புரிந்துவிட்டது.

ஆனா அந்த மாற்றம் நல்லதாக இல்லை. பின்னால் ஹாரன் அடித்துத் தொல்லை கொடுத்த வண்டியை ஒரு கை அசைவில் ஆற்றுக்குள் தள்ளுகிறான். மேட் பதறி, உயிருள்ளவற்றின் மீது சக்தியைப் பயன்படுத்தக்கூடாது என்று விதி போடுகிறான். ஆண்ட்ரூ கேட்பதாக இல்லை. ஸ்டீவ் இறந்த பிறகு அவன் பேசுவது கேமராவிடம் மட்டும்தான். மனிதன் ஈயை நசுக்கும்போது குற்றவுணர்வு கொள்வதில்லையே, பலமுள்ளவன் ஏன் தயங்கணும் என்ற ரீதியில் போகிறது பேச்சு. சாட்சியாக இருந்த கேமரா இப்போது தலையாட்டும் ரசிகன். அம்மாவின் மருந்துக்குப் பணமில்லாமல் திருடப் போவதும், அது நெருப்பில் முடிவதும், மருத்துவமனையில் அப்பா வந்து சொல்லும் வார்த்தைகளும் அடுத்தடுத்து விழுகின்றன.

உச்சக்கட்டம் சியாட்டலின் அடையாளமான ஸ்பேஸ் நீடில் கோபுரத்தில். அங்கே இருக்கும் சுற்றுலாப் பயணிகளின் போன்களையும் கேமராக்களையும் ஆண்ட்ரூ பிடுங்குகிறான். அவை எல்லாம் அவனைச் சுற்றி மிதந்து அவனையே படம் பிடிக்கின்றன. யாராவது பார்க்கட்டும் என்று தொடங்கியவன், பார்க்கும் கண்களைப் பறித்துத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும் இடம் அது. இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் 2020-ல்தான் வந்தது என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் இன்னும் திகில்.

இதனால்தான் எனக்கு ஒன்று தோன்றுகிறது: ஃபவுண்ட் ஃபுட்டேஜ் சூப்பர் ஹீரோவுக்குப் பொருந்தாது, சூப்பர் வில்லனுக்குத்தான் பொருந்தும். ஒளிந்துகொள்ள நினைப்பவன் கேமரா தூக்க மாட்டான். கவனிக்கப்படாமல் வளர்ந்தவன் தூக்குவான். வில்லன் எப்படி உருவாகிறான் என்று மூன்றாம் மனிதராக நின்று பார்த்த படங்கள் நிறைய. அவன் எடுத்த வீடியோவை அவன் கண்ணாலேயே பார்க்க வைத்ததால்தான் ஆண்ட்ரூவை நம்மால் வெறுத்து ஒதுக்க முடியவில்லை.

குறைகளும் உண்டு. கேசி என்ற பெண் வீடியோ பிளாகர் என்பதாலேயே எப்போதும் கேமராவோடு வருகிறார். இரண்டாவது கோணம் வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்ட பாத்திரம் என்பது பளிச்செனத் தெரிகிறது. போலீஸ் வண்டி கேமரா, ஹெலிகாப்டர், சிசிடிவி எல்லாவற்றையும் சேர்த்து எடிட் செய்தது யார் என்பதற்கும் பதில் கிடையாது.

இவ்வளவு லாபம் பார்த்தும் ஏன் இந்த வரிசையில் படங்கள் குவியவில்லை? 2013-ல் 'அஃப்ளிக்டட்' வந்தது. அதில் கிடைக்கும் சக்தி ரத்தக்காட்டேரியுடையது, ஆக மறுபடியும் பயப்படமே. பெரிய ஸ்டுடியோக்களுக்கு நட்சத்திரத்தின் முகம், போஸ்டரில் வைக்கும் 'போஸ்', அடுத்த ஐந்து படங்களுக்கான தொடர்ச்சி எல்லாம் தேவை. ஒரு பையனின் கேமராவுக்குள் அதை அடக்க முடியாது. ட்ராங்குக்கே 2015-ல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' கிடைத்தது, வழக்கமான பாணியில். படம் படுத்துவிட்டது. ஓராண்டுக்கு முன் தன்னிடம் இதைவிட நல்ல வடிவம் இருந்ததாக வெளியீட்டுக்கு முன்பே அவர் ட்வீட் போட்டு, பிறகு அழித்ததும் நடந்தது. ஸ்டீவாக நடித்த மைக்கேல் பி. ஜோர்டன் பின்னாளில் 'பிளாக் பேந்தர்' படத்தின் வில்லன் ஆனார்.

மார்வெல் இந்த பாணியைத் தொட்டுப் பார்த்த ஓர் இடம் 2017-ன் 'ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்'. தொடக்கத்தில் பீட்டர் பார்க்கர் தன் போனில் எடுத்த வீடியோ வருகிறது. ஹோட்டல் அறையில் துள்ளுகிறான், கேப்டன் அமெரிக்காவின் கேடயத்தைப் பறித்த கதையை மூச்சு வாங்கச் சொல்கிறான். இது யாருக்கும் காட்டக்கூடாத வீடியோ என்று அவனுக்கும் தெரியும், எடுக்காமல் இருக்கவும் முடியவில்லை. சில நிமிடங்கள்தான். அதன் பிறகு போன் பாக்கெட்டுக்குள் போய்விடுகிறது, யாருடையது என்று கேட்கத் தேவையில்லாத அந்தப் பழைய கேமரா வந்துவிடுகிறது.