வில்ஹெல்ம் கைகர் (1856–1943)

நூரெம்பேர்க்கில் பிறந்து, எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய ஜேர்மனிய அறிஞர் வில்ஹெல்ம் கைகர், முதலில் ஈரானிய மொழிகளை ஆராய்ந்து, 1895இல் இலங்கைக்கு வந்தபின் சிங்களத்தையும் பாளியையும் தம் வாழ்நாள் ஆய்வாக்கிக்கொண்டார். தீபவம்சம், மகாவம்சம் ஆகிய வம்சநூல்கள், அதாவது அரச பரம்பரையையும் பௌத்த சங்கத்தின் வரலாற்றையும் செய்யுளில் கூறும் நூல்கள், அனுராதபுர மகாவிகாரையில் பேணப்பட்ட பழைய சிங்கள உரைநூலொன்றைத் தழுவியவை என 1905இல் அவர் வாதிட்டார். பௌத்தத்தைப் பரப்ப இமயப் பகுதிக்கு அனுப்பப்பட்டவராக மகாவம்சம் குறிப்பிடும் மஜ்ஜிமரின் பெயர் இந்தியாவின் சாஞ்சியில் கிடைத்த தாதுப்பேழையின் எழுத்திலும் காணப்படுவதைச் சான்றாக்கி, அந்நூலை வெறும் கட்டுக்கதையென ஒதுக்கலாகாது என்று அவர் காட்டியதோடு, அற்புதக் கதைகளை வரலாற்றிலிருந்து பிரித்தறியவும் முயன்றார். மகாவம்சத்தில் தமிழ் மன்னன் எல்லாளன் பற்றிய பகுதியை வாசிக்கும் தமிழருக்கும் இம்முறையே தக்க துணை.

மகாவம்சத்தின் பாளி மூலத்தை 1908இலும், ஆங்கில மொழிபெயர்ப்பை 1912இலும் வெளியிட்ட கைகர், அதன் தொடர்ச்சியான சூளவம்சத்தையும் பின்னர் பதிப்பித்தார். இலங்கையின் கேகாலை மாவட்டத்தின் பெலிகலையில், 13ஆம் நூற்றாண்டில் மூன்றாம் விஜயபாகு மன்னன் தந்ததாதுவை, அதாவது புத்தரின் புனிதப் பல்லை, வைத்துக் காத்த செய்தி அச்சூளவம்சத்திலேயே உள்ளது.