எண்கள் காட்சியாகும்போது: மருந்தாய்வும் கூறுநிலை மென்பொருளும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபு நம்முடையது. ஒரு மருந்து நோய் தீர்க்குமா என்னும் வினாவுக்கு இன்றைய மருத்துவ உலகம் விடை தேடுவது இவ்விரு கண்களாலேயே. அவ்விடை பிறக்கும் முறையையும், அதற்குத் துணைசெய்யும் ஒருவகை மென்பொருளையும், அதில் தமிழ் மாணவர்க்குள்ள பங்கையும் இக்கட்டுரை சுருங்கக் கூறும்.

மருந்தாய்வு என்பது யாது?

நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குப் புதிய சிகிச்சையும் மற்றவர்க்கு வழக்கமான சிகிச்சையும் அளித்து, விளைவுகளை ஒப்பிட்டுக் காண்பதே மருந்தாய்வு. ஆயிரம் பேர் பங்குகொள்ளும் ஆய்வில் ஒவ்வொருவரின் வயது, எடை, குருதிச் சோதனை, பக்கவிளைவு என இலட்சக்கணக்கான எண்கள் குவியும். குவிந்த எண்கள் தாமாகப் பேசுவதில்லை. அவற்றைப் பேச வைக்க வேண்டும்.

சென்னை தந்த பாடம்

இதற்கு உலகறிந்த சான்று நம் மாநிலத்திலேயே உண்டு. 1956ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் மருந்தாய்வு மையம் (இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) 193 ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் வீட்டிலிருந்தே மருந்துண்டனர். மற்றவர் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் தங்கினர். இரு சாரார்க்கும் மருந்துகள் ஒன்றே, காலமும் ஓராண்டே. ஓய்வும் நல்லுணவும் மருத்துவமனையில் இருந்தோர்க்கே மிகுதி.

1959இல் முடிவுகள் வெளியாயின. ஓராண்டு முடிவில் நற்பயன் பெற்றோர் வீட்டில் 86 விழுக்காடு, மருத்துவமனையில் 92 விழுக்காடு. இவ்விரு எண்களை மட்டும் காண்போர் மருத்துவமனையே மேல் என்பர். ஆனால் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது இரு பிரிவினர்க்குமிடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. வீட்டிலிருந்தோரின் குடும்பத்தார்க்கு நோய் மிகுதியாகத் தொற்றவும் இல்லை. காசநோய்க்கு வீட்டிலேயே சிகிச்சை என்னும் கொள்கை உலகெங்கும் பரவ இவ்வாய்வு வழிகோலியது.

இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. ஒரே ஆய்வு, ஓராண்டில் ஒரு முகத்தையும் ஐந்தாண்டில் மற்றொரு முகத்தையும் காட்டியது. அன்று இம்முகங்கள் தனித்தனி அட்டவணைகளாக அச்சேறின. இன்றோ காலத்தைக் குறிக்கும் கட்டையைத் திரையில் நகர்த்தினால் இரு கோடுகளும் விலகுவதையும் நெருங்குவதையும் கண்முன் காணலாம். காண்பவர் வினவ, படம் விடைதரும். இதனையே ஊடாடும் காட்சி என்கிறோம்.

கூறுகளும் இணைப்பும்

இத்தகைய திரையை ஒவ்வோர் ஆய்வுக்கும் புதிதாக எழுதுவது பெருஞ்செலவு, பிழைக்கும் இடந்தரும். எனவே கூறுநிலை முறை தோன்றியது. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தை அறிந்த நமக்கு இதனை விளக்குதல் எளிது. தச்சர் கதவு செய்யும்போது நிலை, சட்டம், பலகை ஆகியவற்றைத் தனித்தனியே இழைத்துப் பின் பொருத்துவார். அளவு ஒன்றாயின் ஒரு கதவின் பலகை மற்றொரு கதவுக்கும் பொருந்தும். மென்பொருட் கூறுகளும் அத்தகையனவே. உயிர்வாழ்வுக் கோடு வரைவது ஒரு கூறு. பக்கவிளைவுகளை அட்டவணையாக்குவது ஒரு கூறு. வயது, பால், ஊர் எனப் பிரித்தெடுப்பது ஒரு கூறு. ஒருமுறை செய்து சோதித்துவிட்டால் பல ஆய்வுகளுக்கும் பயன்படும்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் இராஸ் இகாக்கா, இராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் உருவாக்கிய 'ஆர்' என்னும் புள்ளியியல் மொழி, அதன்மேல் 2012இல் வெளிவந்த 'ஷைனி', அதன்மேல் ரோஷ் மருந்து நிறுவனத்தார் அமைத்த 'டீல்' என்னும் கட்டமைப்பு ஆகியன இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. மூன்றும் எவரும் விலையின்றிப் பெறத்தக்கவை. டீலில் ஒருமுறை பிரித்தெடுத்தால் எல்லாக் கூறுகளும் அதற்கேற்ப மாறும். படம் பிறந்த கட்டளைகளையும் அதுவே காட்டும். ஐயமுற்றோர் அவற்றை இயக்கிச் சரிபார்க்கலாம். ஆனால் அளவு பொருந்தாத பலகை கதவில் நில்லாததுபோல், தரவுகள் பொது ஒழுங்கில் எழுதப்படாவிடின் அதனை நம்பி அமைந்த கூறுகள் சரிவர இயங்கா. சிடிஸ்க் என்னும் உலக அமைப்பு அவ்வொழுங்கை வகுத்துள்ளது.

எளிமையில் ஓர் இடர்

எளிதாக வினவலாம் என்பதே இதன் சிறப்பு, இடரும் அதுவே. ஓர் ஆய்வில் கல்வராயன் மலையினர் பதின்மர் உள்ளனர் எனக் கொள்வோம். ஐவர் ஐவராகப் பிரிந்திருந்தால் ஒருவர் நலம்பெறுவது மட்டுமே அப்பிரிவின் விழுக்காட்டை இருபது உயர்த்திக் காட்டும். அதனைக் கொண்டு 'மலையினர்க்கு இம்மருந்தே சிறந்தது' எனல் பிழை. மேலும், நூற்றுக்கு ஐந்து என்னும் வழக்கமான வரம்பை வைத்து, பயனற்ற ஒரு மருந்தை ஒன்றையொன்று சாராத இருபது பிரிவுகளில் சோதித்தால், ஏதேனும் ஒன்றிலாவது பயன் இருப்பதாகத் தோன்றும் வாய்ப்பு 64 விழுக்காடு. ஆகவே எவ்வினாவுக்கு விடை தேடுகிறோம் என்பதை ஆய்வு தொடங்குமுன்பே எழுதிவைத்தல் வேண்டும். நம் நாட்டில் 2007இல் தொடங்கிய மருந்தாய்வுப் பதிவேடு இதற்குத் துணையாகிறது. திரை புதிய ஐயங்களை எழுப்பலாம். தீர்ப்புக்கு முன்னெழுதிய திட்டமே அளவுகோல்.

யாருக்கு உரியது இக்காட்சி?

கள்ளக்குறிச்சியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. நாளை அங்கு மருந்தாய்வுகள் நிகழுமாயின், வெள்ளிமலையிலிருந்தும் கரியாலூரிலிருந்தும் வரும் மலையாளிப் பழங்குடியினரும் அவற்றில் பங்குகொள்ளக்கூடும். எழுதப் படிக்க அறியாதவர் ஒப்புதல் அளிக்கையில் சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பது விதி. உடலைத் தந்து எண்களை ஈந்தவர்க்கு, அவ்வெண்கள் என்ன கூறின என்பதை அறியும் உரிமையும் உண்டன்றோ?

இங்கேதான் தமிழ் பயின்றோர்க்குப் பணி காத்திருக்கிறது. படத்தின் தலைப்பையும் அச்சுக் குறிப்பையும் விளக்கத்தையும் ஒரு கூறில் ஒருமுறை நல்ல தமிழில் எழுதிவிட்டால், அக்கூறு பயன்படும் ஆய்வெல்லாம் தமிழ் பேசும். 'நூறு பேரில் எத்தனை பேர் நலம்பெற்றனர்', 'எத்தனை பேர் இடையில் நின்றனர்' என்னும் எளிய தொடர்களே போதும். கணினித் துறை மாணவரும் தமிழ்த்துறை மாணவரும் ஒரு மேசையில் அமர்ந்தால் முடியும் பணி இது. ஏழை நோயாளிகள் 193 பேர் தந்த எண்கள் உலகின் சிகிச்சை முறையையே மாற்றின. அத்தகையோர் தம் எண்களைத் தம் மொழியில் காணச் செய்வது நாம் அவர்களுக்குச் செய்யும் கைம்மாறாகும்.