வேண்டியது மட்டும் விரியும் மெனு

புத்தகத் தயாரிப்பில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள், எழுத்தாளர்களிடமிருந்து வரும் ஃபைல் சுத்தமாக இருப்பது அபூர்வம். காற்புள்ளிக்கு முன்னால் ஓர் இடைவெளி கிடக்கும். வரி முடிந்த பிறகும் கண்ணுக்குத் தெரியாமல் நாலைந்து இடைவெளிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பத்திக்குப் பத்தி காலி வரிகள் வேறு. இதையெல்லாம் களையும் கட்டளைகள் நோட்பேட் பிளஸ் பிளஸ் போன்ற எடிட்டரில் தயாராகவே இருக்கின்றன. என்ன சங்கடம் என்றால், வரிக்கடைசி இடைவெளியை நீக்குவது எடிட் மெனுவில் ஒரு கிளையில் இருக்கிறது, காலி வரியை நீக்குவது இன்னொரு கிளையில். காற்புள்ளியைச் சரிசெய்ய ரீப்ளேஸ் பெட்டியைத் திறக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து ஃபைல் பார்ப்பவருக்கு மெனுவில் அலைவதே தனி வேலையாகிவிடும்.

ஷார்ட்கட் சாவிகளை மனப்பாடம் செய்தால் போதுமே என்பார்கள் கம்ப்யூட்டரில் ஊறியவர்கள். தினமும் செய்கிற வேலைக்கு அது சரிதான். மாதம் இருமுறை செய்கிற வேலைக்கு எந்தச் சாவி என்பது யாருக்கு நினைவிருக்கும்? அந்த வேலையின் பெயர் மெனுவில் எழுத்தாகத் தெரிந்தால் பார்த்ததும் சொடுக்கிவிடலாம். அந்த மெனுவை அவரவரே அமைத்துக்கொள்ளவும் முடியும். அதற்குப் புரோகிராமராக இருக்க வேண்டிய அவசியமில்லை.

டான் ஹோ உருவாக்கி 2003-இல் வெளியிட்ட நோட்பேட் பிளஸ் பிளஸ், விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் மேக்ரோ மெனுவில் பதிவைத் தொடங்கச் சொல்லிவிட்டு, மேலே சொன்ன மூன்று வேலைகளையும் ஒருமுறை கையால் செய்து, பதிவை நிறுத்த வேண்டும். பிறகு அதைச் சேமிக்கச் சொன்னால் பெயர் கேட்கும். ‘பிரதி சுத்தம்’ என்கிற மாதிரி ஏதாவது ஒரு பெயர் கொடுத்தால், அது மேக்ரோ மெனுவின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த ஃபைலுக்கு ஒரே சொடுக்கு.

அதை ரைட் கிளிக்கிலேயே வரவழைக்கவும் வழி இருக்கிறது. செட்டிங்ஸ் மெனுவின் கடைசிப் பக்கமாக, பாப்அப் மெனுவைத் திருத்துவதற்கென்று ஒரு கட்டளை உண்டு. அதை அழுத்தினால் டயலாக் பெட்டி எதுவும் வராது. மெனுவின் மூலமே ஒரு சாதாரண எக்ஸ்.எம்.எல். ஃபைலாக அதே எடிட்டரில் திறக்கும்! ஒரு கட்டளைக்கு ஒரு வரி. அந்த வரியில் இரண்டு பெயர்கள்தான் முக்கியம்: கட்டளை எந்த மெனுவில் இருக்கிறது, அங்கே அதற்கு என்ன பெயர். வேண்டாத வரியை அழிக்கலாம், வேண்டியதை மேலே ஏற்றலாம், நாலைந்தைச் சேர்த்து ஒரு கிளை மெனுவாக்கலாம். ஐடி பூஜ்யம் என்று ஒரு வரி எழுதினால் அந்த இடத்தில் பிரிப்புக்கோடு விழும். சேமித்து, எடிட்டரை மூடித் திறந்தால்தான் மாற்றம் தெரியும். கை வைப்பதற்கு முன் அந்த ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்துவைப்பது நல்லது. ஒரு மேற்கோள்குறி விட்டுப்போனாலும் எக்ஸ்.எம்.எல். பொறுத்துக்கொள்ளாது.

மெனு சுருங்கினால் நல்லது என்ற எண்ணம் மைக்ரோசாஃப்டுக்கும் வந்தது. ஆஃபீஸ் 2000-இல், அடிக்கடி பயன்படுத்தும் கட்டளைகளை மட்டும் காட்டி மற்றவற்றை மறைத்துவைக்கும் மெனுவைக் கொண்டுவந்தார்கள். எதைக் காட்டுவது என்று முடிவு செய்தது மென்பொருள். நேற்று இருந்த இடத்தில் இன்று கட்டளை இல்லை என்றால் மனிதர் என்ன செய்வார்? அம்புக்குறியை அழுத்தி முழு மெனுவையும் விரித்துத் தேடினார். ஆஃபீஸ் 2007-இல் வேர்டின் மெனு வரிசையே போய் ரிப்பன் வந்தது. அந்த ரிப்பனைப் பயனாளர் எளிதாக மாற்றியமைக்கும் வசதிக்கு 2010 பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரில் இன்றும் மெனு வரிசை இருக்கிறது. டூல்ஸ் மெனுவில் கஸ்டமைஸ் என்பதைத் திறந்தால், புதிய மெனு ஒன்றுக்குப் பெயர் சூட்டி, கட்டளைகளைப் பட்டியலிலிருந்து எடுத்துப் போடலாம். அந்த மெனு எல்லா ஆவணங்களுக்கும் வர வேண்டுமா, குறிப்பிட்ட ஓர் ஆவணத்துக்கு மட்டுமா என்பதையும் தேர்ந்தெடுக்கலாம். ஆவணத்தோடு சேர்த்துவிட்டால் அதைத் திறக்கும்போது மட்டும் மெனு தலைகாட்டும். ஒரே படிவத்தை நாலு பேர் நிரப்புகிற அலுவலகத்துக்கு இதைவிடத் தோதானது வேறில்லை.

வேடிக்கை என்னவென்றால், மவுஸே வேண்டாம் என்பவர்களின் செல்லப்பிள்ளையான விம் எடிட்டரிலும் மெனு செய்யும் வசதி விரிவாகவே இருக்கிறது. நெதர்லாந்துக்காரரான பிராம் மூலெனார் 1991-இல் வெளியிட்ட எடிட்டர் அது. அதில் ஒரு மெனு உருப்படிக்கு ஒரே ஒரு கட்டளை வரி போதும். இடத்தை எண் தீர்மானிக்கிறது: ஃபைல் மெனுவுக்கு 10, எடிட்டுக்கு 20, ஹெல்ப்புக்கு 9999. எண் கொடுக்காவிட்டால் 500 என்று எடுத்துக்கொள்ளும். அதனால்தான் புதிய மெனுக்கள் எப்போதும் ஹெல்ப்புக்கு இடப்பக்கமாக வந்து நிற்கின்றன. ஒரே உருப்படி, எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு வேலையும், சில வரிகளைத் தேர்ந்தெடுத்திருக்கும்போது வேறொரு வேலையும் செய்யும்படி அமைக்கவும் முடியும்.

கம்ப்யூட்டர் மாற்றும்போது இந்த உழைப்பெல்லாம் போய்விடுமோ என்ற கவலை வேண்டாம். நோட்பேட் பிளஸ் பிளஸில் ரைட் கிளிக் மெனுவுக்கு ஒரு ஃபைல், மேக்ரோக்களுக்கும் ஷார்ட்கட்டுகளுக்கும் ஒரு ஃபைல். இரண்டையும் பென் டிரைவில் எடுத்துப்போய்ப் புதிய மெஷினில் போட்டால் போதும். ஆனால் எடிட்டரை மூடிவிட்டுத்தான் போட வேண்டும். திறந்திருந்தால், மூடும்போது தன்னிடம் உள்ள பழைய மேக்ரோ பட்டியலையே அந்த ஃபைலின் மேல் எழுதிவிட வாய்ப்பிருக்கிறது.