ஐந்தில் ஒரு நொடி

ஹைதராபாத் கொண்டாப்பூருக்கு மாற்றலாகி வந்த வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்கள் அபார்ட்மென்ட் தமிழர்கள் சேர்ந்து தெலுங்கு பேசிப் பழக வாட்ஸ்அப்பில் குழு அழைப்பு தொடங்கினோம். இரண்டே வாரத்தில் படுத்துவிட்டது. ஏன்?"

நானும் அதே பேட்டைதான், அதே வியாதிதான். எங்கள் முதல் அழைப்பில் இருபத்திரண்டு பேர். அதில் மூன்று பேர் நாற்பது நிமிடம் பேசினார்கள். என் பங்கு, இரண்டு "அவுனண்டி" (ஆமாங்க).

அழைப்பை எப்படித் தொடங்குவது என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். குரல் போய்ச் சேரும் விதத்தைப் பாருங்கள். போன் நம் பேச்சைப் பெரும்பாலும் 20 மில்லிநொடித் துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறது. அவை முன்பின்னாக வந்து சேரும். அந்தப் பக்கத்துப் போன், ஆள் சேரும்வரை கிளம்பாத நம்மூர் ஷேர் ஆட்டோ மாதிரி, கொஞ்சம் காத்திருந்து வரிசைப்படுத்தி ஒலிக்கும். வராமல் போன துண்டுக்குப் பக்கத்து ஒலியை வைத்து ஒட்டுப்போடும். இப்படிக் குரல் போய்ச் சேரும் மொத்தத் தாமதம் ஒருவழிக்கு 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. ப்ளூடூத் மாட்டினால் தாமதம் இன்னும் கூடும்.

150 மில்லிநொடி ஒரு பொருட்டா என்று தோன்றும். 2009-ல் பத்து மொழிகளின் உரையாடல்களை அளந்து ஓர் ஆய்வு வந்தது. ஆமா, இல்லையா என்ற வகைக் கேள்வி முடிந்து பதில் தொடங்கச் சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆனது. அதோடு ஒப்பிட்டால் 150 மில்லிநொடி பெரிதுதான். ஜப்பானியர் மிக வேகம். டேனிஷ்காரர்கள் நிதானம், அவர்களுக்கே அரை நொடிக்குள். தமிழும் தெலுங்கும் அந்தப் பத்தில் இல்லை, எனக்கு வருத்தம்தான்.

வேடிக்கை இனிமேல். ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லத் தொடங்கவே, தாய்மொழியில்கூட, சுமார் 600 மில்லிநொடி ஆகும். அப்படியானால் ஐந்தில் ஒரு நொடியில் பதில் எப்படி வருகிறது? எதிராளி முடிக்குமுன்பே நாம் பதிலைச் சமைக்க ஆரம்பித்துவிடுகிறோம். பந்தியில் ரசம் சாப்பிடும்போதே மோருக்குக் குழி கட்டி வைப்பார் என் மாமா, அந்த மாதிரி.

புதிதாகக் கற்பவரால் இது முடியாது. வாக்கியம் எங்கே முடியும் என்றே அவருக்குப் பிடிபடாது. வினைச்சொல் வந்து, அதன் வாலில் மரியாதைக்கான "அண்டி" ஒட்டிய பிறகுதான் யோசிக்கவே தொடங்குவார். அதற்குள் சரளக்காரர் புகுந்துவிடுவார். நேரில் என்றால் முகம் பார்த்து இடம் விடுவார்கள். குரலில் முகம் ஏது? பாஷை தெரிந்தவர்கள் மௌனத்தைக் கண்டு இத்தனை பதறக் கூடாது. அவர்கள் இட்டு நிரப்பும் ஒவ்வொரு இடைவெளியும் கற்பவரின் வாயிலிருந்து பறித்தது. வாட்ஸ்அப்பில் முப்பத்திரண்டு பேர் பேசலாம் என்பதற்காக முப்பத்திரண்டு பேரையும் சேர்ப்பதும் அந்த ரகம்தான்.

நாங்கள் பிறகு ஐந்து பேராகச் சுருக்கினோம். முறை வைத்துப் பெயர் சொல்லி அழைத்தோம். அழைக்கப்பட்டவர் வாய் திறக்கும்வரை மற்றவர்கள் மைக்கை அணைத்து மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். திருத்தம் எல்லாம் அவர் முடித்த பிறகு. என் "அவுனண்டி" இப்போது முழு வாக்கியமாகிவிட்டது, பிழைகளோடு.

வாசகி அம்மா, நீங்களும் ஐந்து பேரோடு தொடங்குங்கள்; அடுத்த ஞாயிறு ஆறாவது ஆள் வந்தால் இரண்டாவது குழு தொடங்கிவிடுங்கள். ப்ளூடூத் வேண்டாம்; பழைய கம்பி இயர்போன் மேஜை இழுப்பறையில் கிடக்கும், தேடி எடுங்கள்.