அலைவரிசையில் ஒரு சிறிய படம்

நுழையும்முன்

ஒரு திரைப்படத்தை எடுத்து முடிப்பது பாதி வழி. அது வந்திருக்கிறது என்று மக்களுக்குத் தெரிவிப்பது மறுபாதி. பெரும்பொருட்செலவில் உருவாகும் படங்கள் இம்மறுபாதியைக் கடப்பதற்குப் பணமும் நட்சத்திரங்களும் துணைநிற்கின்றன. அவ்விரண்டும் இல்லாமல் நகர வாழ்வைப் பேசவரும் சிறிய படங்கள், வானொலியின் வழியாகவும் தொலைக்காட்சியின் வழியாகவும் மக்களை எவ்வாறு சென்றடைகின்றன? அவ்வழியின் எல்லை எது? இவ்வினாக்களுக்கு விடைகாண முயல்கிறது இக்கட்டுரை.

குடிசைக்குள் வந்த விளம்பரம்

சென்னை நகரின் ஒரு குடிசைப்பகுதி. சரக்குத் தொடர்வண்டியிலிருந்து சிந்தும் நிலக்கரியைப் பொறுக்கி விற்றுச் சில ரூபாய் ஈட்டும் சிறுவர் இருவர். அவர்கள் விளையாடித் திரிந்த திடல் விற்கப்பட்டு, அங்கே பீட்சா கடை ஒன்று எழுகிறது. அரசு வழங்கிய விலையில்லாத் தொலைக்காட்சிப் பெட்டியும் அவர்களின் வீட்டுக்கு வந்துசேர்கிறது. அதில் ஒளிபரப்பாகும் பீட்சா விளம்பரம் அவர்களின் நாவில் ஆசையை ஊற்றெடுக்கச் செய்கிறது. அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ள அவர்கள் படும் பாடே மணிகண்டன் இயக்கத்தில் 2015ஆம் ஆண்டு திரைக்கு வந்த 'காக்கா முட்டை' என்னும் திரைப்படம்.

ஒரு விளம்பரம் எளியவரின் வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்பதைக் காட்டிய அந்தப் படத்துக்கும் விளம்பரம் தேவைப்பட்டது. கதையின் நாயகர்கள் திரையுலகம் அறியாத இரு சிறுவர்கள். பெருநட்சத்திரம் ஒருவர் கதையைத் தாங்கிச் செல்லும் படமன்று அது. இத்தகைய படம் மக்களிடம் போய்ச்சேரும் வழியை ஆராய்ந்தால், ஒலிபரப்பும் ஒளிபரப்பும் கலைக்கு ஆற்றும் பணியின் அளவும் எல்லையும் விளங்கும்.

சிறிய படத்தின் இடர்கள்

புதிய திரைப்படங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமையன்று வெளியாகின்றன. அடுத்த வெள்ளிக்கிழமை வேறு படங்கள் வந்து நிற்கும். முதல் மூன்று நாள்களில் இருக்கைகள் நிரம்பவில்லையெனில், திங்கட்கிழமையே காட்சிகளின் எண்ணிக்கை குறைக்கப்படும். பெயர்பெற்ற நடிகரின் படத்துக்கு அவருடைய முகமே விளம்பரம். அறிமுகமில்லாதவர்கள் நடித்த படத்துக்கோ, 'இப்படியொரு படம் வந்திருக்கிறது' என்னும் செய்தி பரவுவதற்கே சில நாள்கள் ஆகும். செய்தி பரவி முடிப்பதற்குள் படம் திரையரங்கை விட்டு நீங்கிவிடக்கூடும். ஆகவே, சிறிய படத்துக்குப் பணத்தைக் காட்டிலும் பெரிய பற்றாக்குறை காலம்.

இப்பற்றாக்குறையை ஈடுசெய்ய வல்லது ஒலி, ஒளி அலைவரிசை. சுவரொட்டி, அதனைக் கடந்து செல்வோருக்கு மட்டுமே தெரியும். வானொலியும் தொலைக்காட்சியுமோ ஒரே நொடியில் பல்லாயிரம் வீடுகளுக்குள் நுழைகின்றன. எழுத்தறியாதவரும் கேட்கலாம், வேலையில் ஈடுபட்டிருப்பவரும் செவிமடுக்கலாம். முற்காலத்தில் தெருத்தெருவாகப் பறையறைந்தும், மாட்டுவண்டியில் தட்டி கட்டித் துண்டறிக்கை வீசியும் செய்த பணியை இவை வான்வழியே செய்கின்றன.

வானில் விரிந்த வழி

சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் 1938ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 1957இல் விவித் பாரதி ஒலிபரப்புத் தோன்றியபின் திரைப்பாடல்களுக்கென ஒரு நிலையான இடம் அமைந்தது. அதற்கு முன்னரே இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு, கடல்கடந்து தமிழகத்து வீடுகளில் திரைப்பாடல்களை ஒலிக்கச் செய்திருந்தது. 1967இல் விவித் பாரதி வணிக விளம்பரங்களையும் ஏற்கத் தொடங்கியது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒளிபரப்பான 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சிக்காகத் தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீடுகளில் அக்கம்பக்கத்தார் கூடினர். 1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கப்பட்டபின் தனியார் அலைவரிசைகள் பெருகின. 2003இல் சென்னையில் தனியார் பண்பலை வானொலி நிலையங்கள் ஒலிக்கத் தொடங்கின.

பண்பலையின் வரவு நகரப் படங்களுக்குத் தனிப்பயன் அளித்தது. மத்திய அலை ஒலிபரப்பு நெடுந்தொலைவு செல்லக்கூடியது. பண்பலையோ ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்வதால் ஒரு நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டுமே சென்றடையும். குறைபாடுபோலத் தோன்றும் இவ்வியல்பே நகரப் படத்துக்கு நன்மையாகிறது. சென்னையின் தெருக்களைப் பேசும் படத்தின் முதல் பார்வையாளர்கள் சென்னையிலேயே இருக்கின்றனர். அவர்களை மட்டும் அழைப்பதற்கு, அந்நகருக்குள் மட்டும் ஒலிக்கும் குரல் போதுமானது.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவில் தனியார் பண்பலை நிலையங்கள் தாமே செய்தி தயாரித்து ஒலிபரப்புவதற்கு அனுமதி இல்லை. எனவே, அவற்றின் நேரத்தைப் பாடல்களும் உரையாடல்களுமே நிறைக்கின்றன. திரைப்படத்துக்குப் பண்பலை தேவைப்படும் அளவுக்குப் பண்பலைக்கும் திரைப்படம் தேவைப்படுகிறது.

மூவகை நேரம்

அலைவரிசையில் ஒரு படம் பெறும் நேரத்தை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, விலைக்கு வாங்கும் நேரம். தொலைக்காட்சி விளம்பரம் பொதுவாகப் பத்து நொடி என்னும் அலகில் விற்கப்படுகிறது. ஒரு மணி நேரத்தில் விளம்பரங்களுக்கு 12 நிமிடங்களுக்கு மேல் ஒதுக்கக்கூடாது என்பது கேபிள் தொலைக்காட்சி விதி. அந்த அளவான நேரத்துக்குச் சோப்பும் நகையும் செல்பேசியும் போட்டியிடுகின்றன. மிகுதியானோர் பார்க்கும் மாலை நேரத்தில் விலை கூடுதலாக இருக்கும். எனவே, சிறிய படம் இவ்வகை நேரத்தைச் சிறிதளவே வாங்க இயலும்.

இரண்டாவது, மாற்றாகப் பெறும் நேரம். நிலையத்துக்கு நிகழ்ச்சி வேண்டும். படத்துக்கு விளம்பரம் வேண்டும். படக்குழுவினர் நேர்காணலில் பங்கேற்கின்றனர். நேயர்களுக்கான போட்டிகளுக்குப் படத்தின் நுழைவுச்சீட்டுகளைப் பரிசாக அளிக்கின்றனர். பணம் கைமாறாமலேயே இருதரப்பும் பயன்பெறுகின்றன. ஒரு படத்தின் செயற்கைக்கோள் ஒளிபரப்பு உரிமையை முன்னதாகவே வாங்கிய தொலைக்காட்சி நிறுவனம், அப்படத்தின் முன்னோட்டத்தையும் பாடல்களையும் விரும்பி ஒளிபரப்பும். திரையரங்கில் படம் பெறும் நற்பெயர், பின்னாளில் தன் அலைவரிசையில் அது ஒளிபரப்பாகும்போது பார்வையாளர்களை ஈர்க்கும் என்பதே காரணம்.

மூன்றாவது, ஈட்டிய நேரம். படத்தின் பாடலோ கருப்பொருளோ பெற்ற சிறப்போ தன் தகுதியாலேயே நிகழ்ச்சிகளிலும் செய்திகளிலும் இடம்பெறுவது இவ்வகை. இதனை விலைகொடுத்து வாங்க இயலாது. சிறிய படங்களுக்கு உற்ற துணை இதுவே.

பாடல் தேடித்தந்த முகவரி

2007ஆம் ஆண்டு வெங்கட் பிரபு இயக்கத்தில் எஸ்.பி.பி. சரண் தயாரித்த 'சென்னை 600028' இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இராஜா அண்ணாமலைபுரத்தின் அஞ்சல் குறியீட்டு எண்ணைத் தலைப்பிலேயே தாங்கிவந்த அப்படம், தெருவில் மட்டைப்பந்து ஆடும் இளைஞர்களின் கதை. நடித்தவர்களுள் பெரும்பாலோர் அப்போது அதிகம் அறியப்படாதவர்கள். முகங்கள் புதியனவாயினும் யுவன் சங்கர் ராஜாவின் இசை கேட்போருக்குப் பழகியது. திரையில் பார்த்திராத முகங்களுக்கு முன்பே செவிக்குப் பழகிய இசை மக்களிடம் செல்ல முடிந்தது. பாடல் என்பது தன்னைத்தானே விளம்பரப்படுத்திக்கொள்ளும் பொருள். ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் படத்தின் பெயரையும் அது சுமந்து செல்கிறது.

அப்படத்தின் நாயகர்களுள் ஒருவரான சிவா, ரேடியோ மிர்ச்சி பண்பலையின் தொகுப்பாளராக விளங்கியவர். முகத்தை அறியாமல் குரலை மட்டும் அறிந்திருந்த நேயர்களுக்கு அவர் அயலார் அல்லர். நட்சத்திரப் புகழுக்கு மாற்றாக வானொலி ஒருவகை அண்டைவீட்டு உறவை உருவாக்க வல்லது என்பதை இது காட்டுகிறது. நகரப் படத்துக்கு அவ்வுறவு பொருத்தமானது; தன் தெருவின் கதையைத் தன் நகரின் குரலில் கேட்கும்போது நேயர் அதனைத் தன்னுடையதாகவே கருதுகிறார்.

விருது ஈட்டிய செய்தி

'காக்கா முட்டை' சென்ற வழி வேறு. அப்படம் 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் கனடாவின் டொராண்டோ பன்னாட்டுத் திரைப்பட விழாவில் முதன்முதலில் திரையிடப்பட்டது. 2015ஆம் ஆண்டு மார்ச்சில் அறிவிக்கப்பட்ட 62ஆவது தேசிய திரைப்பட விருதுகளில், சிறந்த குழந்தைகள் திரைப்படத்துக்கான விருதைப் பெற்ற படங்களுள் ஒன்றானது. அதில் நடித்த சிறுவர் இருவரும் சிறந்த குழந்தை நட்சத்திரங்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். படம் தமிழகத் திரையரங்குகளுக்கு வந்ததோ அவ்வாண்டு ஜூன் 5 அன்று.

இந்த வரிசைமுறை கருதத்தக்கது. விருது என்பது செய்தி. செய்திக்கு ஒளிபரப்பு நேரம் விலையின்றிக் கிடைக்கும். விளம்பரத்தைக் கண்டதும் அலைவரிசையை மாற்றுவோரும் செய்தியை நின்று கேட்பர். திரைக்கு வருவதற்கு முன்பே அறிமுகம் கிடைத்துவிட்டதால், படம் தன் முதல் வெள்ளிக்கிழமையை முற்றிலும் அறியப்படாத நிலையில் எதிர்கொள்ளவில்லை. தயாரிப்பாளர்களான நடிகர் தனுஷ், இயக்குநர் வெற்றிமாறன் ஆகியோரின் பெயர்களும், படத்தை வெளியிட்ட ஃபாக்ஸ் ஸ்டார் ஸ்டுடியோஸ் நிறுவனத்தின் வலிமையும் அதற்குத் துணைநின்றன. எனவே, தகுதி மட்டுமே எல்லாக் கதவுகளையும் திறந்துவிடும் என்று கொள்வது பிழையாகும். தகுதியை உரிய காலத்தில் உரிய இடத்துக்குக் கொண்டுசெல்வோரும் தேவை. அத்தகைய துணை வாய்க்காமல், பேசப்படாமலேயே மறையும் நல்ல படங்களும் உண்டு.

அலைவரிசையின் எல்லை

ஒலிபரப்பும் ஒளிபரப்பும் பார்வையாளரைத் திரையரங்கின் வாயில்வரை அழைத்துவரும். உள்ளே நிகழ்வது அவற்றின் கையில் இல்லை. முதல் நாள் கூட்டத்தை விளம்பரம் கூட்டலாம். இரண்டாம் வாரக் கூட்டத்தைக் கூட்டுவது, படம் பார்த்தவர்களின் வாய்மொழி. சிறிய படத்துக்கு விளம்பரம் பெற்றுத்தர வேண்டியது, அந்த வாய்மொழி பரவுவதற்குப் போதுமான சில நாள்களையே.

இன்னோர் எல்லையும் உண்டு. விளம்பரம், நேர்காணல், விமர்சனம் ஆகிய மூன்றும் ஒரே திரையில், சில வேளைகளில் ஒரே தொகுப்பாளரின் குரலில் வருகின்றன. விலைகொடுத்துப் பெற்ற சொல் எது, விருப்பின்றி நடுநிலையில் நின்று சொன்ன சொல் எது என்பது எளிதில் புலப்படுவதில்லை. உரிமையை வாங்கிய அலைவரிசை தான் வாங்கிய படத்தைப் புகழும்போது, அப்புகழ்ச்சியில் வணிகமும் கலந்திருக்கிறது. இதனைப் பகுத்தறியாத பார்வையாளர் இழப்பது நுழைவுச்சீட்டின் விலையை மட்டுமன்று. உரத்த குரலுக்கே நல்ல படம் என்னும் பெயரையும் கொடுத்துவிடுகிறார். அதனால் மெல்லிய குரலில் பேசும் படங்கள் இடமிழக்கின்றன.

'காக்கா முட்டை' இவ்வெல்லையைத் தன் கதைக்குள்ளேயே காட்டியுள்ளது. பீட்சா கடைக்குள் நுழைய முயலும் சிறுவன் அறைந்து விரட்டப்படுகிறான். அக்காட்சி பதிவாகித் தொலைக்காட்சிகளில் பெருஞ்செய்தியாகிறது. செய்தியாளர் ஒருவர் அந்தக் குடியிருப்புக்கே வந்து, அச்சிறுவர்களைப் பற்றி உருக்கமாகப் பேசுகிறார். இடையில் குறுக்கிடும் சிறுவர்களை விலகிப் போகும்படி விரட்டுகிறார். அச்செய்திக்கு உரியவர்கள் அவர்களே என்பது அவருக்குத் தெரியவில்லை. ஊரெல்லாம் சேதி கொண்டுசெல்லும் கருவி, தன் எதிரில் நிற்கும் மனிதரைக் காணத் தவறிவிடலாம் என்பதை அக்காட்சி உணர்த்துகிறது.

நாவறியும் சுவை

கதையின் முடிவில் சிறுவர்கள் பீட்சாவைச் சுவைத்துப் பார்க்கின்றனர். விளம்பரம் காட்டிய சுவை அதில் இல்லை. தம் பாட்டி பீட்சாவைப் போலச் செய்து தந்த தோசையே மேல் என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. விளம்பரம் அவர்களைக் கடையின் வாயிலுக்குக் கொண்டுவந்தது. தீர்ப்பை வழங்கியதோ அவர்களின் நாவு.

திரைப்படத்துக்கும் இது பொருந்தும். வானொலியும் தொலைக்காட்சியும் இல்லையெனில் சிறிய படங்கள் பல, வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் மறைந்துவிடும். அவற்றை அறியச் செய்வது ஊடகத்தின் பணி. அறிந்தபின் தம் கண்ணாலும் செவியாலும் நெஞ்சாலும் மதிப்பிட்டு, நல்லதைப் பிறருக்கு எடுத்துரைப்பது பார்வையாளரின் பணி. இவ்விரண்டும் ஒன்றுசேரும் இடத்திலேயே பெருநிதி இல்லாத கலைஞரின் குரல் நிலைபெறுகிறது.

கற்பவை கற்றபின்…

1. ஒரு நாள் மாலையில் ஒரு மணி நேரம் பண்பலை வானொலியைக் கேட்டு, அதில் இடம்பெற்ற திரைப்படச் செய்திகளை விலைக்கு வாங்கிய நேரம், மாற்றாகப் பெற்ற நேரம், ஈட்டிய நேரம் என வகைப்படுத்துக.

2. பள்ளியில் நிகழவிருக்கும் நாடகத்துக்கு முப்பது நொடியில் படிக்கத்தக்க வானொலி அறிவிப்பு ஒன்றைத் தமிழில் எழுதுக.

3. 'விளம்பரம் வாயில்வரை அழைத்துவரும்' – நீங்கள் பார்த்த ஒரு திரைப்படத்தை முன்வைத்து இக்கருத்து குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.