பாம்புக்கடியும் பொதுச் சுகாதாரமும்

பாம்பு கடித்து ஒருவன் இறந்துபோனால் "விதி முடிந்தது" என்று சொல்லிவிட்டு எழுந்து போவது நம் கிராமங்களில் வழக்கம். காலரா என்றால் கிணற்றை நினைக்கிறோம். மலேரியா என்றால் தேங்கிய நீரைத் தேடுகிறோம். பாம்புக்கடிக்கு மட்டும் தலையெழுத்துத்தான் காரணமாம்!

வில்லியம் ஹாடன் என்ற அமெரிக்க மருத்துவர் சாலை விபத்துக்களை ஆராய்ந்தவர். காயமும் நோயைப் போன்றதே என்று அவர் 1960களில் எடுத்துரைத்தார். நோய்க்கு இருப்பதைப் போலவே காயத்துக்கும் காரணி, ஆள், சூழல் என்ற மூன்றும் உண்டு. விபத்துக்கு முன்னும், விபத்தின்போதும், அதற்குப் பின்னும் அதைத் தடுக்க இடமுண்டு என்பது அவர் கருத்து. இதைப் பாம்புக்கடிக்குப் பொருத்திப் பார்க்க நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், நம் செங்கற்பட்டு மாவட்டத்தில், வடநெம்மேலி என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள முதலைப் பண்ணையின் வளாகத்தில்தான் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. ஒரு காலத்தில் இருளர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்தனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தையொட்டி அத்தொழில் நின்றது; பிழைப்பும் போயிற்று. கொல்வதற்குப் பிடித்த பாம்பை நஞ்சுக்காகப் பிடித்தால் என்ன என்ற எண்ணத்தில் 1978இல் இச்சங்கம் பிறந்தது.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் மண் பானைகளில் வைத்துத் துணியால் வாய் கட்டியிருப்பதைப் பார்வையாளர்கள் காணலாம். சில வாரங்களில் சில முறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, மறுபடியும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். உலரவைத்த அந்த நஞ்சு மருந்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. அங்கே குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக ஏற்றப்பட்டு, அவற்றின் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளிலிருந்து மருந்து தயாராகிறது. நான்கு நஞ்சுக்கும் ஒரே மருந்து. கடித்த பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டியதில்லை என்பது இதனால்தான். இச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது நம் மாவட்டத்துக்கே பெருமை. ஆயினும் ஒரு குறை உண்டு. ஒரே இனப் பாம்பின் நஞ்சுகூட வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடுகிறது. நம் பக்கத்து நஞ்சிலிருந்து செய்த மருந்து வடநாட்டில் அதே வேகத்தில் வேலை செய்வதில்லை.

மருந்து இருந்தும் மக்கள் ஏன் இறக்கிறார்கள்? 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 இலட்சம் பேர், அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலோர் கிராமத்தவர். மருத்துவமனையை எட்டாமலே இறந்தவர்களே அதிகம்.

எங்கள் ஊரில் நாற்று நடப் போகும் ஓர் அம்மாள் ஒருநாள் விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்தார். சீரகம் கொதிக்கவைத்துக் கொடுத்தார்கள். இமைகள் தாமாகவே மூடிக்கொண்டன, பேச்சுக் குழறியது, வண்டி வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. கட்டுவிரியன் இப்படித்தான். இரவில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். கடிவாய் கண்ணுக்கே தெரியாது. வலியும் அதிகம் இராது. கட்டிலில் படுப்பதும், பாயிலேயே படுத்தாலும் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கடியில் செருகிக்கொள்வதும் இதற்குத் தடுப்பு. கண்ணாடி விரியன் வேறு விதம். அது வயலிலும் வரப்பிலும் கிடக்கும். இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவன் கையில் டார்ச் விளக்கும், காலில் செருப்புக்குப் பதில் கணுக்கால் மூடிய பூட்சும் இருந்தால் பாதி ஆபத்து போயிற்று. பூட்சு போட்டுக்கொண்டு சேற்றில் நடப்பது எவ்வளவு தொல்லை என்று உழுதவர்களுக்குத்தான் தெரியும். அறிவுரை சொல்வது எளிது! விறகையும் வைக்கோலையும் வீட்டை ஒட்டி அடுக்கினால் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும்.

கடித்த பிறகு நாம் செய்யும் வைத்தியம் பல நேரங்களில் கடியைவிடக் கொடியது. கயிற்றால் இறுகக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று அவயவமே அழுகிப்போகும். கத்தியால் கீறினால், விரியன் நஞ்சேறிய இரத்தம் உறையாமல் ஒழுகிக்கொண்டேயிருக்கும். கடிபட்ட காலை அசைக்காமல் மட்டை வைத்துக் கட்டி, நடக்கவிடாமல், 108 ஊர்தியை அழைப்பதே செய்யத்தக்கது. மருத்துவமனையில் செய்யும் சோதனையோ மிக எளியது: சிறிது இரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசையாமல் வைப்பார்கள். உறையாவிட்டால் விரியன் நஞ்சு ஏறியிருக்கிறது என்று பொருள். நம் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் அதே குழாய்தான்.

2024 மார்ச்சில் மத்திய அரசு, பாம்புக்கடி இறப்புக்களை 2030க்குள் பாதியாகக் குறைப்பதற்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு, 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ், பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய நோயாக அறிவித்தது. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் இனிக் கணக்குத் தரவேண்டும். எந்த ஊரில், எந்த மாதத்தில், எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் எந்த ஆரம்பச் சுகாதார நிலையத்தில் எத்தனை மருந்துக் குப்பி இருக்கவேண்டும் என்று சொல்ல முடியும். வயிற்றுவலி என்று வீட்டிலேயே இறந்துபோகிறவர்களை இந்தக் கணக்கில் சேர்ப்பதற்குக் கிராமச் சுகாதாரச் செவிலியர்தான் வீடு வீடாகச் சென்று கேட்கவேண்டும்.